ஓட்டக்காரர் மகன்

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் ஷர்வினுக்குப் பெயரே கிடையாது. மளிகைக் கடைக்குப் போனால், "வாடா, ஓட்டக்காரர் மகனே!" என்பார் கடைக்காரர் நடராஜா. "உங்கப்பா புனிதன் ஓடுனா காத்தே மூச்சு வாங்கும். நீ ஏன்டா ஆமை மாதிரி வர்ற?" என்று ஒரு பொட்டலம் கேலியையும் இலவசமாகக் கட்டித் தருவார்.

பள்ளி நாள்களில் நூறு மீட்டர் ஓட்டத்தில் அப்பா புனிதனை யாரும் முந்தியதில்லை. பிறகு அவர் லோரி ஓட்டிச் சம்பாதித்து, துண்டு துண்டாக நிலம் வாங்கி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கே சொந்தக்காரர் ஆனார். ஆனால் வீட்டில் தொங்குவதோ, பள்ளிப் பையனாக அவர் கோப்பையோடு நிற்கும் பழைய படம். அதைப் பார்த்தாலே ஷர்வினுக்கு வயிறு எரியும்.

பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கியது. பெற்றோருக்கும் ஓட்டம் உண்டு.

'இந்தத் தடவை அப்பா தோற்கட்டும்!' என்று ரகசியமாக ஆசைப்பட்டான் ஷர்வின்.

சனிக்கிழமை காலை, உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கத் தோட்டத்துக்குப் போனான். மரங்களுக்கு நடுவே அப்பா ஓடிக்கொண்டிருந்தார். தொந்தி முன்னால் ஓடியது. அப்பா பின்னால் ஓடினார். கொஞ்ச தூரத்திலேயே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, புஸ் புஸ் என்று மூச்சு வாங்கினார்.

ஷர்வினுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"யாருகிட்டயும் சொல்லிடாதடா," என்றார் அப்பா. "தோத்துட்டா ஊரே சிரிக்கும் லா. படத்துல நிக்கிறானே அந்தப் பையன், அவனைப் பார்த்தாலே எரிச்சலா வருது. இந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு பாடுபட்டேன்! யாராச்சும் கேக்குறாங்களா? எல்லாரும் அவனைத்தான் கேக்குறாங்க."

ஷர்வின் வாயைப் பிளந்தான். "அவன் மேல உங்களுக்குமா பொறாமை?"

"அப்ப உனக்கும் இருக்கா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அப்பா, பழக்குலைகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, கால்வாயின் மேல் கிடந்த ஒற்றைப் பலகையில் ஏறினார். ஆடாமல் அசையாமல் அக்கரை போனார். ஷர்வின் கண்கொட்டாமல் பார்த்தான்.

திங்கட்கிழமை உஷாராணி டீச்சரிடம் போய் நின்றான்.

"டீச்சர், பெற்றோர் ஓட்டத்துல எங்களையும் சேர்த்துக்கங்க. அப்பாங்க எங்களைத் தள்ளுவண்டியில உக்கார வச்சுத் தள்ளட்டும். நடுவுல ஒரு பலகை. கவுந்தா அவுட்!"

"வண்டிக்கு எங்கடா போறது?"

"எங்க தோட்டத்துல நாலு இருக்கு, டீச்சர்!"

போட்டி நாளில் விசில் ஊதியதும் மற்ற மூன்று அப்பாக்களும் பறந்தார்கள். பலகையில் ஏறியதும் ஒவ்வொரு வண்டியாகச் சரிந்தது. பிள்ளைகள் புல்லில் உருண்டார்கள்.

அப்பா ஓடவே இல்லை. தோட்டத்தில் நடக்கும் அதே நடை.

"அசையாம உக்காருடா. இன்னிக்கு நீதான் குலை!"

"கொஞ்சம் எடது பக்கம்பா! அவ்வளவுதான், நேரா வாங்க!"

வண்டி பலகையைத் தாண்டியது. முடிவுக் கோட்டையும் தாண்டியது.

ஒலிபெருக்கியில் டீச்சர் கத்தினார்: "முதல் பரிசு, ஷர்வினுக்கும் ஷர்வினோட அப்பாவுக்கும்!"

அப்பா வண்டியை இறக்கி வைத்தார். "கேட்டியாடா? என் பேரையே சொல்லல!"

"பொறாமையாப்பா?"

"கொஞ்சூண்டு லா," என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.