கன்னத்தில் மணல்

எடை பார்க்கும் தராசின் முள் எழுபத்தைந்தில் நின்றது. அதில் தவறொன்றும் இல்லை. முந்தாநாள் தலைநகர் தராவாவில் இந்தத் தீவுக்கு விமானம் ஏறும்போது தெரெத்தியா கைப்பையோடு அறுபத்தொரு கிலோ இருந்தாள். இப்போது தோளில் காய்ச்சலோடு துவண்டு கிடக்கும் அவள் மகன் தியாவோன் ஒரு பதினான்கு இருப்பான்.

"பிள்ளையை இறக்கு தங்கச்சி, தனித்தனியா எழுதணும்," என்றார் கௌரே. அந்தத் தீவில் விமானத்துக்கு ஆள் நிறுப்பவரும் அவர்தான், அரிசிக்கடை வைத்திருப்பவரும் அவர்தான்.

அவள் பிள்ளையை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினாள். முள் அசையவில்லை. எழுபத்தைந்து.

"ரெண்டு நாள்ல அண்ணி வீட்டு மீனையெல்லாம் ஒரே ஆளா தின்னுட்டியா?" கௌரே சிரித்துக்கொண்டே தராசைத் தட்டினார். "சரி, இவனை ஏத்து."

தியாவோன் கண்ணை மூடியபடி தராசின்மேல் நின்றான். நீலத்துணி ஒட்டுப்போட்ட சிவப்புச் சட்டை, ஒட்டுப்போட்டவள் அவள்தான். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. காற்றில் ஆடும் தாழை ஓலைக்காவது அது கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

கௌரே தானே ஏறி நின்றார். தொண்ணூற்று மூன்று. "என் தொப்பையை மட்டும் சரியாச் சொல்லுது பாரு. உப்புக்காத்து, வேற ஒண்ணுமில்ல." தாளில் அறுபத்தொன்று, பதினான்கு என்று எழுதிக்கொண்டார். சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

அவள் கணவனின் அக்காள் மீரே தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் பிள்ளையை ஆசையாக இங்கே கூட்டிவந்தவள் அவள்தான். பிறகு தெரெத்தியாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வந்த அன்னைக்கே சொன்னேனே. வடக்கு முனையில கல்லுக்கு முன்னாடி ஒரு துண்டு புகையிலை, கன்னத்துல ஒரு சிட்டிகை மணல். உனக்கு இது புது மண்ணு. என் தம்பி பொண்டாட்டின்னு அங்க இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? இவனுக்கு வந்த அன்னைக்கே நான் பூசிவிட்டேன்."

"பிள்ளை அனலாக் கொதிக்கிறான்னு ஓடிவந்தேன் அண்ணி. கல்லுகிட்ட நின்னு கும்பிட்டுக்கிட்டிருக்கவா?"

"புதுசா வர்ற எல்லாரும் அங்க இறங்கிப் பூசிக்கிட்டுத்தான் வருவாங்க. நீ மோட்டார் சைக்கிளை நேரா விடச் சொன்ன."

"அடுத்த தடவை பூசிக்கறேன். இப்ப விடுங்க."

அடுத்த விமானம் நாலு நாள் கழித்து. நாலு நாள் பிள்ளை தாங்கமாட்டான், தராவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று தீவின் நர்ஸம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொல்லியிருந்தாள். தெரெத்தியா பிள்ளையைத் தூக்கினாள். எவ்வளவு லேசாக இருந்தான்! காய்ச்சல் உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தாய் வேறென்ன நினைப்பாள், சொல்லுங்கள்?

ஒரு பையன் சைக்கிளில் போய் ஓடுபாதையிலிருந்து பன்றிகளை விரட்டினான். விமானத்தின் விசிறிகள் இரைந்தன, உள்ளே கருவாட்டு வாசனையும், பெண்கள் தலையில் சூடியிருந்த மாலைகளின் வாசனையும், பெட்ரோல் நாற்றமும் ஒன்றாகக் குழம்பி மூச்சை அடைத்தன, வெள்ளைப் பவளமண் சன்னலில் சரசரவென்று அடித்தது, சக்கரம் தரையைவிட்டு எழும்பியபோது விமானம் ஒருகணம் தயங்கியதுபோல, ஏதோ கீழேயிருந்து அதை ஒரு விரலால் பிடித்து இழுத்து, பிறகு போனால் போகட்டும் என்று விட்டதுபோல இருந்தது. விமானம் வடக்கு முனையைச் சுற்றித் திரும்பியது. கீழே கற்கள் வட்டமாக நின்றன.

கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்தான்.

சிவப்புச் சட்டை. நீல ஒட்டு. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி, விமானத்தின் நிழலைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தான். முழங்கால்வரை. இடுப்புவரை.

"திருப்புங்க! என் பிள்ளை கீழ இருக்கான்! ஐயோ, திருப்புங்க!"

விமானி கழுத்தைத் திருப்பி அவள் மடியைப் பார்த்தான். "அப்ப மடியில இருக்கறது யாரும்மா?"

"காய்ச்சல் பிள்ளைக்கா, தாய்க்கா?" என்று பின்னாலிருந்த பெரியவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு பெண் பரிவோடு இளநீரை நீட்டினாள். தெரெத்தியா மறுபடி சன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தபோது மேகம் மூடியிருந்தது.

அவள் மெதுவாகக் குனிந்து மடியைப் பார்த்தாள்.

தியாவோனின் முகந்தான். தியாவோனின் இமைதான். இரண்டு நாளாக அவள் கையைச் சுட்ட சூடு எங்கே போயிற்று? உடம்பு சில்லென்று, அலை நனைத்த கல்லைப்போல இருந்தது. வாயிலிருந்து காய்ச்சல் வாடை வரவில்லை. பழைய புகையிலை வாடை வந்தது.

கனத்தது. முதலில் பதினான்கு கிலோ. பிறகு ஒரு மூட்டை அரிசி. பிறகு தொடை மரத்துப்போயிற்று. இருக்கையின் இரும்பு முனகியது. அவள் எழ முயன்றாள். முடியவில்லை.

"தியாவோன்?"

இமை திறந்தது. அவளை அம்மா என்று அந்தக் கண் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தாமல் போனவளைப் பார்த்தது.

ஒரு மணி நேரம். அவள் மூச்சுவிடவும் பயந்தாள்.

தராவாவில் சக்கரம் தரையைத் தொட்டதும் மடி லேசாயிற்று. பிள்ளை தானாகவே இறங்கி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனான். "பாரேன், காய்ச்சல் போன இடம் தெரியல!" என்று இளநீர் கொடுத்தவள் கைதட்டினாள். "தராவாக் காத்து பட்டதும் எழுந்துட்டான்!"

தெரெத்தியா பின்னால் தடுமாறி இறங்கினாள். அடுத்த விமானம் நாலு நாள் கழித்து. நாலு நாள். இடுப்புவரைத் தண்ணீரில் நின்றான். வாயைத் திறந்தபடி.

ஓடுபாதையின் ஓரத்தில் அது நின்றது. தியாவோன் பிறந்தது இங்கேதான். நடக்கப் பழகியது இந்த மணலில்தான். பிறந்த மண்ணை யாரும் முகத்தில் பூசிக்கொள்வதில்லை.

அது குனிந்தது. ஒரு சிட்டிகை மணல் எடுத்தது. வலக்கன்னத்தில் தடவியது. இடக்கன்னத்தில் தடவியது. முதன்முதலாக வந்த விருந்தாளி செய்வதுபோல, பொறுமையாக, ஒழுங்காக.

பிறகு திரும்பி, வீட்டுக்கு அழைத்துப்போ என்று அவளிடம் கையை நீட்டியது.