ஊசி!

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காதை மட்டும் கொடுங்கள், கதையை நான் தருகிறேன். ஒரு தையல் கடையில் எல்லாரும் குழம்பிப்போன கதை இது. நடுவில் நீங்களும் கொஞ்சம் குழம்பினால் பரவாயில்லை.

அந்தக் கடையில் அத்தை தைப்பார், மாமா துணி வெட்டுவார். பள்ளி விட்டதும் அத்தையின் அண்ணன் மகள் நேராக அங்கேதான் வருவாள். வட்ட முகம். கீழே சிதறும் பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் சேர்ப்பாள். அதனால் அவள் பெயரே பட்டன் ஆகிவிட்டது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. யார் கையிலிருந்தாவது ஊசி நழுவி விழுந்தால், "ஊசி!" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் அப்படியே சிலையாகிவிட வேண்டும். தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. ஒருமுறை மாமா பாதிக் கொட்டாவியில் நின்றுவிட்டார். ஊசி கிடைக்கும்வரை வாயை மூடவே இல்லை!

ஒரு நாள் டீச்சர் ஆளுக்கொரு சுவரொட்டி கொடுத்தார். "போன்ல பேசி ஏமாத்துறவங்க அதிகமாயிட்டாங்க. போன் இருக்கிற இடமாப் பார்த்து இதை ஒட்டுங்க" என்றார்.

பட்டன் அதைக் கடைச் சுவரில் ஒட்டினாள். பெரிய எழுத்தில், 'சந்தேகமா? உடனே கட் பண்ணுங்க!' என்று இருந்தது. பக்கத்தில் போன் வயரை வெட்டும் கத்தரிக்கோல் படம்.

பேக்கரிக்கார அக்கா சட்டை தைக்கப் புதுத் துணி கொண்டுவந்தார். சுவரைப் பார்த்தார். நீட்டிய துணியைப் படக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னது! சந்தேகம் வந்தா உடனே வெட்டிடுவீங்களா? மறுபடி அளந்து பாக்க மாட்டீங்களா?"

"ஐயோ, அது போனுக்கு!" என்றாள் பட்டன்.

"போனுக்கா? போனுக்கெல்லாமா சட்டை தைக்கிறீங்க?"

அக்கா துணியோடு போய்விட்டார். அத்தை சுவரொட்டியை உரித்தெடுத்தார். "பொழப்பைக் கெடுக்க இது ஒண்ணு போதும்டி!"

மாமா அதன் பின்பக்கத்தில் காலர் வரைந்து, அளவுக்கு வைத்துக்கொள்ள வெட்டி எடுத்தார். பட்டனின் முகம் சுருங்கியது. நல்லதைத்தானே ஒட்டினோம்? எங்கே தப்பு வந்தது? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மாலை போன் அடித்தது. அத்தையின் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கணக்கு இன்னையோட முடங்கிடும்."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. புது மெஷின் வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

"முடங்கிடுமா? ஏன் சார்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"பயப்படாதீங்க. உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொன்னா சரி பண்ணிடலாம். சீக்கிரம் மேடம்!"

பட்டனுக்குச் சுவரொட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்து நினைவுக்கு வந்தது. 'போனுக்கு வரும் ரகசிய எண்ணை பேங்க் ஒருபோதும் கேட்காது.'

"அத்தை, கட் பண்ணுங்க!" என்றாள்.

சட்டைத் துணியை விரித்து வைத்திருந்த மாமா கத்தரிக்கோலைத் தூக்கினார். "எங்க? கையிலயா, கழுத்திலயா?"

"ஐயோ மாமா, உங்களைச் சொல்லல! அத்தை, கட்! கட்!"

"அதான் எங்கன்னு கேக்கறேன்ல?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க!" என்றார் அத்தை. பதற்றத்தில் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. "சொல்றேன் சார். ஏழு... மூணு... ஒண்ணு..."

பட்டன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"ஊசி!"

அவ்வளவுதான். அத்தை திறந்த வாயோடு நின்றார். மாமா தூக்கிய கத்தரிக்கோலோடு நின்றார்.

"மேடம்? ஹலோ? மிச்ச நம்பர்?" என்றது போன்.

சிலைகள் எங்கேயாவது பேசுமா? பட்டன் எட்டிப்போய், போனின் சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

"நகராதடி!" என்றார் அத்தை, உதடு அசையாமல். "எங்கடி ஊசி?"

"போனுக்குள்ள, அத்தை. பேங்க்னு சொல்லி ஏமாத்தப் பாக்கறாங்க!"

அத்தைக்கு அப்போதும் குழப்பம் தீரவில்லை. "நிஜமாவே பேங்க்காரங்களா இருந்தா?"

"அவங்களையே கேட்டுடலாமே!" பாஸ்புக்கில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துப் பட்டனே போன் போட்டாள்.

"நாங்க யாரும் உங்களைக் கூப்பிடலையே" என்றார் பேங்க் அம்மா. "நம்பரைச் சொல்லிட்டீங்களா?"

"பாதிதான்மா சொன்னேன்" என்றார் அத்தை.

"நல்லவேளை! எப்படிப் பாதியில நிறுத்தினீங்க?"

"ஊசி விழுந்துடுச்சு."

"ஊசியா? எந்த ஊசி?" என்றார் பேங்க் அம்மா.

பட்டன் அந்தக் காலர் தாளைத் தேடி எடுத்தாள். பின்பக்கத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டினாள். 'போன்ல ரகசிய நம்பர் கேட்டா... ஊசி!'

இரண்டு நாள் கழித்து, பேக்கரிக்கார அக்கா தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

"நம்பர் கேட்டா ஊசி போடுவீங்களா? இது தையல் கடையா, ஆஸ்பத்திரியா?"

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரு, சொல்றேன்."

முழுக் கதையும் கேட்டு, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துணியை மாமாவிடம் கொடுத்தார்.

"பட்டன், எங்க பேக்கரிக்கும் ஒண்ணு எழுதிக் குடேன். ஆனா ஊசி வேணாம். எங்க அடுப்புக்கிட்ட 'சூடு'ன்னு கத்தினாதான் எல்லாரும் அப்படியே நிப்பாங்க!"

பட்டன் பேனாவைத் திறந்தாள்.

கதை கேட்ட கண்ணுகளே, உங்கள் வீட்டுப் போனில் அன்பான குரல்களே ஒலிக்கட்டும். உங்கள் வீட்டார் சேர்த்ததெல்லாம் சிந்தாமல் இருக்கட்டும். விழுகிற ஊசியெல்லாம் காலில் படாமல் கண்ணில் படட்டும்.