பதில் பார்வை

மலையேறும் நாளில் சென்னியப்பன் முதலில் செய்த காரியம் தன் வீட்டைத் திறந்துவிட்டதுதான். தாய்லாந்தில் சியாங் மாய்க்கு வடக்கே, அடிவார முகாமின் வாசலில் நின்றுகொண்டு, கோவை வீட்டின் கதவுகளைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் திறந்தார். கூடம், பூஜையறை, சமையலறை, கொல்லைக் கதவு. கடைசிப் பூட்டும் பச்சையானதும் காவலர் கயிற்றை விலக்கி வழிவிட்டார்.

இப்போதெல்லாம் யாரும் சும்மா போய் மலைக்கிராமங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிட முடியாது. முன்பு அப்படித்தான் போனார்கள். அடுப்படி வரை நுழைந்து படமெடுத்து, போகிற போக்கில் நாலு பாசிமாலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மலைமக்கள் ஒன்றுகூடி அதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். பதில் பார்வை என்று பெயர். நீ எங்கள் வீட்டில் எத்தனை நாள் இருக்கிறாயோ, அத்தனை நாள் நாங்களும் உன் வீட்டில் இருப்போம். முழங்கால் உயர நடைக்கண் ஒன்று, அதாவது கண்ணும் காதும் வாயும் சின்னத் திரையும் வைத்த ரோபோ, பயணியின் வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிடும். மலையிலிருந்து அதை நடத்துகிறவர்கள், பயணி தங்கப்போகிற வீட்டுக்காரர்கள்.

சென்னியப்பனும் மனைவி வசந்தாமணியும் ஒரு வாரம் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். கிழிந்த சோபா பக்கத்து வீட்டுக்குப் போனது. மாத்திரை டப்பாக்கள் பீரோவுக்குள் போயின. பங்காளிச் சண்டையில் வந்த வக்கீல் நோட்டீஸ் அரிசி மூட்டைக்கு அடியில் போனது. வெட்கப்பட வேண்டியது என்று தோன்றிய அத்தனையையும் ஒளித்துவைத்த பிறகுதான் மனிதர் விமானம் ஏறினார். மூட்டுவலிக்காரி வசந்தாமணி வீட்டோடு தங்கிவிட்டாள்.

இரண்டு நாள் நடை. மூங்கில் காடு, அட்டைக்கடி, செங்குத்தான மலைச்சரிவில் நெல். வழிகாட்டி ஜாலோ பேசாத ஆள். சென்னியப்பன் அவனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே ஏறினார். இரண்டாம் நாள் உச்சிவேளையில், லாஹு மக்களின் ஊரில், மரக்கால்கள் மேல் நின்ற நாசூவின் வீட்டை எட்டினார்கள்.

நாசூவுக்கு நாற்பது வயதிருக்கும். ஜாலோ நேரே உள்ளே போய் அடுப்பைச் சுற்றியிருந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் குடித்த கோப்பையிலேயே தேநீர் குடித்தான். சென்னியப்பனை மட்டும் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தாள். புது மூங்கில் குவளை ஒன்றைக் கீழே வைத்து, கெட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். சென்னியப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவரைக் கல்யாண வீட்டில் கூட யாரும் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததில்லை.

"ஏனுங்க, எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க. எனக்கு மட்டும் என்னத்துக்குங்க வெளியில?"

அவர் காதிலிருந்த செவிமணி, முகவரியைப் பார்த்தோ என்னவோ, நாசூவின் பேச்சையும் கொங்குத் தமிழிலேயே மாற்றித் தந்தது.

"உங்கூட்டு வழக்கப்படிதானுங்க செஞ்சோம். தப்பாயிருச்சுங்களா?"

"எங்கூட்டு வழக்கமா?"

"ரண்டு நாளாப் பாத்தனுங்க. மருதாயி அக்காளுக்கு உங்கூட்ல எத்தனை மருவாதி! சன்னல் மேல அவுங்களுக்குன்னு தனி டம்ளரு. வேற யாரும் அதத் தொடறதில்ல. அம்மா கைபடாம ஒசரத்துல இருந்து ஊத்தறாங்க. நாங்க சாமிக்குத்தானுங்க அப்படி ஊத்துவோம். கொல்லையில காத்தாட உக்கார வெச்சுச் சோறு போடறாங்க. ஊட்டு வேலை அத்தனையும் பாக்கறவங்கள அப்படித்தான் வெச்சுக்கோணும்னு எங்கூட்ல எல்லாத்துகிட்டயும் சொன்னனுங்க."

மருதாயி அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கூட்டிப் பெருக்குகிறவள். அந்த டம்ளரை ஒளித்துவைக்க வேண்டும் என்று அந்த ஒரு வாரத்தில் அவருக்கும் தோன்றவில்லை, வசந்தாமணிக்கும் தோன்றவில்லை. அது கண்ணில் பட்டால்தானே.

"சந்தேகம்னா அக்காளையே கேட்டுக்கலாங்க" என்று நாசூ, நடைக்கண் பார்ப்பதைக் காட்டும் சுவர்த்திரையை வெளிப்பக்கம் திருப்பினாள். கொல்லையில் துவைகல் அருகே குந்தியிருந்த மருதாயி நிமிர்ந்தாள். நடைக்கண்ணின் திரையில் கோழிக்கூண்டையும் குவளையையும் ஐயாவையும் பார்த்தாள்.

"அக்கா, செரியாச் செஞ்சிருக்கறமுங்களா?"

மருதாயி நிதானமாகப் பார்த்தாள். "செரியாத்தான் இருக்குது கண்ணு. இன்னுங் கொஞ்சம் தள்ளி உக்கார வெக்கோணும்."

அவள் சிரிக்கவில்லை. ஆமாம், அது மரியாதைதான் என்று சென்னியப்பன் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பார். மருதாயி பார்த்துக்கொண்டிருக்கும்போது அது முடியவில்லை.

"அது மருவாதி இல்லீங்க" என்றார். "அவ எங்க சாதி இல்லீங்க. அவ வாய் வெச்சத நாங்க தொடமாட்டோம். அதுக்குத்தான் தனி டம்ளரு."

நாசூவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவர் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினாள். "ஐயோ, பத்து நிமிசம் உங்கள இங்க உக்கார வெச்சுட்டனே. மன்னிச்சுருங்க." மூன்று முறை சொன்னாள். வீட்டிலிருந்த எல்லோரும் எழுந்து வந்து ஆளுக்கொரு முறை மன்னிப்புக் கேட்டு, அவரை அடுப்படிக்கு அழைத்துப்போய், தாங்கள் குடிக்கும் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். அதை வாங்கவே அவருக்குக் கூசியது.

நாசூ திரையை உள்ளே திருப்பிக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு இது எத்தனை நாளா?"

"வர்ற மாசியோட பத்தொம்பது வருசம் கண்ணு."

சென்னியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "மருதாயி, தப்புப் பண்ணிட்டோம்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருதாயி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அப்ப நாளைக்கிக் காத்தால டீ எதுலீங்கய்யா குடிக்கறது?"

அவளுக்குப் பின்னால் வசந்தாமணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். திரை வழியாக நேரே புருஷனைப் பார்த்தாள். நாசூவும் அவரைத்தான் பார்த்தாள். எங்க டம்ளர்லதான் என்று சொன்னால் போதும். வாய் வரை வந்துவிட்டது. வசந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"நான் ஊருக்கு வந்து பேசிக்கறேன், மருதாயி."

"செரிங்கய்யா" என்று அவள் மறுபடியும் குனிந்து துணியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பதிலையே எதிர்பார்த்திருந்தவள் போலத்தான் இருந்தாள்.

நாசூவின் காதிலிருந்த செவிமணி அதையும் மொழிபெயர்த்தது. அவள் சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். சென்னியப்பன் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.