குல்லாவில் தங்கிய வாசம்

நாயின் பெயர் என்ன என்று கேட்டதும் சிவபெருமாள் யோசித்தார். தொலைந்த பிராணிகளைத் தேடித் தரும் ஜெபராணிக்கு அப்போதே உறுத்தியது. நாயைத் தொலைத்தவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே பெயரைச் சொல்லி அழுதுவிடுவார்கள்.

“பூந்தி,” என்றார் ஒருவழியாக. “வெள்ளை நாய். காணாமப் போயி எட்டு நாளாச்சு.”

“அது படுத்த சாக்கு, தின்ன தட்டு ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா அண்ணாச்சி?”

“எல்லாத்தையும் போகிக்குக் கொளுத்திட்டேன். அதான் ஒங்ககிட்ட மிசின் இருக்குல்லா?”

இருந்தது. அதன் பெயர் வாசமீட்பி. முன்பெல்லாம் தொலைந்த பிராணியின் வாசம் படிந்த பொருள் இல்லாவிட்டால் மோப்பநாய் சும்மா நிற்கும். இப்போது வாசமீட்பியின் துணிக்குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டு, தொலைந்ததை ஐந்து நிமிடம் நினைத்தால் போதும். நினைவில் கிடக்கும் வாசத்தை அது எடுத்து, அதேபோல் கலந்து, ஒரு குப்பியில் சொட்டிக் கொடுக்கும். தூத்துக்குடியில் மட்டும் இதற்கு ஆறு கடைகள். பிராணிகளைத் தேடத்தான் அனுமதி, மனிதரைத் தேடினால் சிறை. ஆனால் குல்லாவுக்குள் ஒருவர் எதை நினைக்கிறார் என்று சட்டம் எட்டிப் பார்க்கவா முடியும்?

சிவபெருமாள் கண்ணை மூடி நினைத்தார். செல்லப் பிராணியை நினைக்கிறவர் முகம் பொதுவாகக் குழையும். இவருக்குத் தாடை இறுகிக்கொண்டே போனது. வியர்வையில் குல்லாவின் ஓரம் நனைந்துவிட்டது.

ஜெபராணி குப்பியைத் தன் கோம்பை நாய் செவலையிடம் நீட்டினாள். பிராணியின் வாசம் என்றால் செவலை மூக்கைத் தரையில் வைத்து ஓடும். மனித வாசம் என்றால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். அவள் பழக்கியது அப்படி. இன்று நிமிர்ந்து பார்த்தது.

அவளும் முகர்ந்தாள். பூச்சு மஞ்சள், தேங்காயெண்ணெய். பூந்தி மஞ்சள் பூசிக் குளிக்கிற நாயாக இருக்க வாய்ப்பில்லை.

“வீட்ல வேற யாரு இருக்காங்க அண்ணாச்சி?”

“நாயத் தேடச் சொன்னா ஆளப் பத்தி எதுக்குக் கேக்கீங்க?”

முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போவார். அங்கே குப்பியை யார் முகர்ந்து பார்க்கப்போகிறார்கள்? ஜெபராணி குப்பியையும் நனைந்த குல்லாவையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சந்தேகத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “நீங்க கூட வந்தா ஒங்க வாசம் குறுக்க வரும். நாளைக்குச் சொல்லுதேன்,” என்று அனுப்பிவைத்தாள்.

அவர் போனதும் ஜெபராணி தேடச் சொல்ல, செவலை உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு நீலக் கதவின் முன் நின்றது. பெண்கள் காப்பகம். கதவைத் திறந்தவள் இடுப்பில் வெள்ளை நாய் ஒன்று இருந்தது. அவள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

“இது பூந்தியா?” என்றாள் ஜெபராணி.

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. “அவரு அனுப்பினாரா?”

சிவபெருமாளின் மனைவி செல்வக்கனி அவள். கண்ணில் பட்டால் உயிரோடு விடமாட்டார் என்றாள். ஜெபராணி நம்பினாள். மாவுக்கட்டே சொன்னது.

“நான் காணலன்னு சொல்லிருவேன். ஆனா இன்னும் அஞ்சு கடை இருக்கே.”

“வேற ஊருக்குப் போயிரட்டுமாக்கா?”

“எங்க போனாலும் ஒங்க வாசம் அவரு தலைக்குள்ளல்லா இருக்கு.”

சொன்ன பிறகுதான் ஜெபராணிக்கு அது உறைத்தது. அவர் வாசம் எங்கே இருக்கிறது? அவள் பைக்குள், இன்னும் ஈரம் காயாத குல்லாவில்.

குல்லாவை முதலில் பூந்தியிடம் நீட்டினாள். முகர்ந்ததும் அது செல்வக்கனியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது, பிறகு அங்கிருந்தே உறுமியது. அடுத்த ஐந்து நாளும் ஜெபராணி குல்லாவோடு வந்து, காப்பகத்தின் மூன்று காவல்நாய்களையும் தெருநாய்கள் பன்னிரண்டையும் அந்த வாசம் வந்தால் மறித்து நிற்கப் பழக்கினாள்.

ஏழாம் நாள் காலையில் வேறொரு கடையின் மோப்பநாயோடு சிவபெருமாள் அந்தத் தெருவில் திரும்பினார். முதலில் குரைத்தது பூந்தி. நீலக் கதவை அவர் தொடுவதற்குள் பதினாறு நாய்கள் அவரைச் சுவரோடு நிறுத்திவிட்டன. காப்பகத்தில் கூப்பிட்டதும் காவல்துறை வந்தது, செவலையோடு ஜெபராணியும் வந்தாள்.

“என் நாயத் தேடித்தான் வந்தேன்,” என்றார். பூந்தி அவர் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டிருந்தது.

பெண் ஆய்வாளர் அவர் சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்தார். ஜெபராணி அதை வாங்கிச் செவலையிடம் நீட்டினாள். செவலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. “மனுச வாசம்,” என்றாள் அவள்.

“நாய்தான் கெடச்சிட்டுல்லா,” என்றார் ஆய்வாளர். “வண்டில ஏறுங்க.”

மறுநாள் பூனையைத் தொலைத்த ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். உட்காரும் முன்பே பூனையின் பெயரைச் சொல்லி அழுதார். செவலை மூக்கைத் தரையில் வைத்து ஓடி, அரை மணி நேரத்தில் பூனையைக் கண்டுபிடித்தது. அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஜெபராணி அவர் மாட்டிய குல்லாவை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே அவர் பெயரை எழுதுவதைப் பார்த்தார்.

“அத எதுக்கும்மா எடுத்து வைக்கீங்க? தொவைக்கமாட்டீங்களா?”

“சும்மாதான் ஐயா,” என்றாள் ஜெபராணி. “இருக்கட்டும்.”