பதினோரு வருஷச் சீட்டுகள்

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது, பேனாவை எடுக்கக்கூடாது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் 1936-ஆம் வருஷம் அந்த நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு, காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போய், கல்லூரி நூலகத்து வாசலில் ஜட்காவை விட்டு இறங்கினேன்.

எனக்கு வேறு நாள் கிடையாது. பேராசிரியர் சாரங்கபாணி ஐயங்காரின் ஆராய்ச்சிக் கட்டுகள் மறுநாள் பூஜையிலிருந்து எடுத்ததும் சென்னைக்கு அச்சுக்குப் போவதாக இருந்தன. பழைய உரைகளில் வரும் அருஞ்சொற்களுக்கெல்லாம் சீட்டு எழுதி அடுக்கிய அகராதி அது. பதினாலாயிரம் சீட்டுகள். பாதிக்கு மேல் நான் எழுதியவை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர் வேலை முடிந்ததும் தினம் சாயங்காலம் இந்த நூலகத்துக்கு ஓடிவந்து, பதினோரு வருஷம், கண் எரிய எரிய எழுதினேன்.

“புஸ்தகம் வரச்சே முதல் பக்கத்திலே நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கும்டா, கோபு” என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மடையன், நம்பினேன். போன தை மாதம் அவர் ஆசார்யன் திருவடி சேர்ந்தார். கட்டுகளை நூலகத்துக்குக் கொடுத்த விழாவில், அவர் கைப்பட எழுதி வைத்திருந்த முன்னுரையை வாசித்தார்கள். மை விற்ற கடைக்காரருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். என் பெயரைக் காணோம்.

ஒரு வரியில்கூடக் காணோம்.

முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. அதைத் திருட்டு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நூலகர் பாக்கியநாதன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பூஜைக்குப் பெருமாள் கோயில் துளசி கொண்டு வந்திருப்பதாகப் பொய் சொன்னேன். அவருக்கு என்னை இத்தனை வருஷமாகத் தெரியும்.

“போய் வச்சிட்டு வாங்க சார். நீங்கதான் இன்னைக்குப் புஸ்தகத்தத் தொட மாட்டீங்களே” என்று சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. சந்தனமும் அணைந்த கற்பூரமும் பழைய காகிதமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. நீள மேஜையின்மேல் சிவப்புத் துணியில் சுற்றிய ஏழு கட்டுகள் குங்குமப் பொட்டோடு அடுக்கியிருந்தன. ஊரில் யாருமே ஒரு எழுத்துக்கூட எழுதாத நாள் என்பதாலோ என்னவோ, அந்த நிசப்தம் காதில் உறைத்தது.

முதல் கட்டின் முடிச்சை அவிழ்த்தேன். அவர் பெயருக்குக் கீழே ‘கோபாலன்’ என்று எழுதினேன். நிப்பு காகிதத்தில் கீறிக்கொண்டு போயிற்று.

என் பேனா நின்றது.

கீறும் சத்தம் நிற்கவில்லை.

கட்டுக்குள்ளிருந்து வந்தது அது. அவசரமில்லாமல், வரிக்கு வரி சற்றே நின்று, மறுபடி தொடங்கியது. கூடவே மூக்குப்பொடி நெடி. அந்த நூலகத்தில் பொடி போடுகிறவர் பேராசிரியர் ஒருவர்தான் இருந்தார்.

சீட்டுகளைப் புரட்டினேன். என் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து சிறிதாக இருக்கும்; அவருடையது நிமிர்ந்து பெரிதாக இருக்கும். புரட்டிய சீட்டிலெல்லாம் எழுத்து நிமிர்ந்து நின்றது. என் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து குழம்பு சிந்திய சீட்டு ஒன்று உண்டு. அந்தக் கறை அப்படியே இருந்தது.

எழுத்து அவருடையது.

விரலால் தடவினேன். மை ஈரமாக ஒட்டிக்கொண்டது.

என் தோளுக்குப் பின்னால், வழக்கமாக அவர் நின்று சரிபார்க்கும் இடத்திலிருந்து, ரகசியம் போலக் குரல் வந்தது.

“யார் எழுதினது, கோபு?”

“நான்தான் சார்.”

“சரியாப் பாருடா.”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. என் விரலில் இருந்த மையைப் பார்த்ததுமே பாக்கியநாதனின் முகம் மாறிவிட்டது. அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் நான் எழுதிய பெயரும் இல்லை.

“உங்க எழுத்து ஒண்ணுகூட இல்லையே சார்” என்றார்.

நான் பதினோரு வருஷம் எதிர் மேஜையில் எழுதியதைப் பார்த்தீர்களே, அதையாவது நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்காமல் முடிச்சைப் போட்டார்.

“உக்காந்திருந்தீங்க, பார்த்திருக்கேன். என்ன எழுதினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? துளசின்னு சொல்லித்தானே இன்னைக்கும் உள்ளே வந்தீங்க.”

உயிரோடு இருந்தவரைக்கும் உழைப்பை வாங்கிக்கொண்டார், செத்த பிறகு அதற்கிருந்த சாட்சியையும் அழித்துவிட்டார். பாலத்தின்மேல் நடந்தே வீடு திரும்பினேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. வருகைப் பதிவேட்டில் என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கோபாலன் என்றுதான் போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் அசைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தலைமையாசிரியர் கியாசுதீன் சாகிப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“பண்டிதரே, யாருங்க இந்த சாரங்கபாணி?”