மூடி போட்ட படம்

மூடி போட்டு எடுத்த படத்தில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்திருந்தது.

விழக் கூடாது. கல்யாணங்களில் படமெடுத்துப் பிழைக்கும் அவருக்குக் கிரகணத்தைப் படம்பிடிப்பது சொந்த ஆசை. நிலாவைப் பத்துப் படம் எடுத்தால், லென்ஸை மூடிவிட்டு ஒன்று எடுப்பார். கேமரா தானாகப் போடும் புள்ளிகள் அந்தக் கறுப்பில் தெரியும். அவற்றைப் பிறகு மற்ற படங்களிலிருந்து கழித்துவிடலாம். மூடி தளர்ந்திருக்கும் என்று அதன்மேல் கறுப்புத் துணியைச் சுற்றி இறுக்கினார். காற்று நின்றுபோயிருந்தது, தொட்டிக்குள் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, பாசி வாசனை கலந்த குளிரில், நிலா தேயத் தேய மொட்டைமாடியின் நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன.

அடுத்த பத்தும் முடிந்தது. மூடி போட்டு அழுத்தினார்.

திரையில் மாடிப்படிகள். அவர் வீட்டு மாடிப்படிகளேதான், மேலிருந்து பார்த்தபடி. முதலில் விழுந்த கோடு கதவுக்கு அடியிலிருந்த வெளிச்சம் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். மாடிக் கதவு சாத்தியே இருந்தது.

நிலா முழுக்கச் சிவந்தது. சிவந்ததும் எழுப்புவதாக ஆறு வயது மகளிடம் சொல்லியிருந்தார். கீழே தூங்குகிறாள். பத்து வரை பொறுக்கவில்லை. மறுபடி மூடி போட்டார்.

கூடம். பாதி திறந்த படுக்கையறைக் கதவு.

மனைவிக்குப் போன் போட்டார்.

“பாப்பா தூங்கறாளா?”

“நிலாவ விட்டுட்டு எங்க ஞாபகமா? அதிசயந்தான்.” தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். “பக்கத்துலதான் இருக்கா. கையப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

“லைட்டப் போடு.”

“முழிச்சுக்குவா. கைதான் ஜில்லுனு இருக்கு. இருங்க, போர்த்தி விடறேன்.”

மாடிக் கதவு கிரீச்சிட்டது. சின்னக் காலடிகள். அவர் சட்டை நுனியை ஒரு கை பற்றியது. வெதுவெதுப்பான கை.

“ஏம்ப்பா எழுப்பல? நானே வந்துட்டேன்.” மகள் கொட்டாவி விட்டாள். “படியில இறங்கிப் போனது யாருப்பா?”

அவர் விரல் பொத்தானை அழுத்தியது. மூடி போட்டபடியே இருந்தது.

திரையில் மனைவியின் முகம். மிக அருகில். மகளின் தலையணையிலிருந்து பார்த்தால் தெரிவதுபோல. கண் மூடியிருந்தாள். போன் கன்னத்தடியில். ஒரு கையைச் சாம்பல் நிற விரல்கள் பின்னிப் பிடித்திருந்தன. மறு கையால், சிரித்த முகம் மாறாமல், போர்வையை இழுத்து அதற்குப் போர்த்திக்கொண்டிருந்தாள்.