மண்டியிடாத இரு விரல்கள்

மேசை மேல் கிடந்த பிணம் பன்னிரண்டு பக்கம் இருந்தது. தலைமாட்டில் ஒரு குண்டூசி. உடம்பெல்லாம் சிவப்பு மை.

காலை பத்து மணி. கல்லூரி முதல்வரின் அறையில் மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர், பண்பாட்டியல் துறைத்தலைவர், சட்டம் நடத்தும் ஆசிரியை. ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் குறுக்கு. கல்லூரிக்கு வருவதற்கு முன் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தே பழகியவர். வீட்டில் பால் திரிந்தால் பாத்திரத்தைக்கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்பார் என்று அவர் கணவர் சொல்வதுண்டு.

"திருட்டு," என்றார் துறைத்தலைவர். "வேற நல்ல வார்த்தை தேடிப் பாத்தேன். கிடைக்கல."

கட்டுரையின் தலைப்பு, சீனர்களின் தேநீர்ப் பழக்கங்கள். எழுதியவள் இறுதியாண்டு மாணவி. போன வாரம் கொடுத்தாள். நூலகக் கணினி அதைச் சோதித்து, பாதிக்கு மேல் துறைத்தலைவரின் கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்றது. அவருடைய கட்டுரை இரண்டு மாதத்துக்கு முன்பே ஓர் ஆய்விதழில் வந்துவிட்டது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் முதல்வர். "சார் ஒவ்வொரு பத்திக்குக் கீழயும் ஆதாரம் குடுத்திருக்கார். புத்தகம், பக்கம், எல்லாம். இந்தப் பொண்ணு ஒரு இடத்துல கூட குடுக்கல. பத்திரம் யார் கையில இருக்கோ, வீடு அவருது."

"பத்திரத்தப் பிரிச்சுப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டார் குறுக்கு.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் பதில்.

மாணவியை உள்ளே கூப்பிட்டார்கள். ஒல்லியான பெண். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"நீ எழுதினதா?" என்றார் குறுக்கு.

"நான் எழுதினது."

"சார் கட்டுரைய எப்ப படிச்ச?"

"நேத்து. என் கட்டுரை மாதிரியே இருக்குன்னு சொன்னப்புறம்."

"உன்னது மாதிரியா, அவரது மாதிரியா?"

"என்னது மாதிரி. வருஷ ஆரம்பத்துல சார்கிட்ட முதல் வரைவு குடுத்தேன். கையால எழுதினது. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா தொலஞ்சு போச்சுன்னு சொன்னார்."

துறைத்தலைவர் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரதி வச்சிருக்கியா?" என்றார் குறுக்கு.

"இல்ல மேடம். அதப் பாத்து மறுபடி எழுத முடியல. நினைவுல இருந்துதான் எழுதினேன்."

"விஷயம் எங்கிருந்து கிடைச்சுது?"

மாணவி கட்டுரை மேலிருந்த சிவப்பு மையைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

"ஒருத்தர்கிட்ட உக்காந்து கேட்டேன். பேர் போட வேண்டாம்னு சொன்னார். போட மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். அதான் ஆதாரமே போடல."

"பேர் இல்லாத சாட்சி," என்றார் துறைத்தலைவர். "கூப்பிட்டா வரவும் மாட்டார். ரொம்ப வசதி."

முதல்வர் ஒரு வெள்ளைத்தாளை முன்னால் தள்ளினார். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. இந்தப் பாடம் மட்டும் ஃபெயில். எழுதலன்னா கல்லூரியை விட்டே அனுப்பணும். உதவித்தொகையும் போயிடும். மூணு மணி வரைக்கும் டைம்."

"மூணு மணி வேண்டாம் சார். செய்யாத தப்புக்கு என் பேனா எழுதாது."

தாள் வெள்ளையாகவே கிடந்தது.

வெளியே அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தையல் வேலையிலிருந்து அப்படியே வந்தவள். தோளில் நூல் ஒட்டியிருந்தது.

"கால்ல விழுந்தாவது முடிச்சுட்டு வாடி," என்றாள். "இன்னும் நாலு மாசம். படிப்பு முடிஞ்சிரும்."

"விழமாட்டேன்மா."

"இந்தத் திமிரு இருக்கே, உங்கப்பன் சொத்து. அந்தாளு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."

"அதையும் வித்துடவா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாளா, சிரித்தாளா தெரியவில்லை.

குறுக்கு வராந்தா பெஞ்சில் இரண்டு கட்டுரைகளையும் மடியில் விரித்துப் படித்தார். மாணவியின் ஐந்தாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'டீ ஊற்றியவருக்கு நன்றி சொல்ல, சீனர்கள் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி மேசையில் தட்டுவார்கள். மடங்கிய விரல்கள் மண்டியிட்ட ஆளைக் குறிக்கும்.' துறைத்தலைவரின் கட்டுரையில் அதே இரண்டு வாக்கியங்கள். 'டீ' மட்டும் 'தேநீர்' ஆகியிருந்தது. அடிக்குறிப்பில் ஒரு பெரிய நூலின் பெயர், பக்க எண்.

நேராக நூலகத்துக்குப் போனார்.

"அந்தப் புத்தகமா மேடம்? முதுகு கழண்டு போச்சு," என்றார் நூலகர். "பைண்டிங்குக்கு அனுப்பியிருக்கோம். கல்லூரிக்குப் பின்னாடி தெருதான்."

மதியம். பைண்டிங் கடையில் பசை வாசனை. சுவரோரம் ஆய்வேடுகள் அட்டைக்குக் காத்துக் கிடந்தன. மூலையில் பேப்பர் வெட்டும் இயந்திரம், அதன் கத்திக்கு மேல் பெரிய இரும்புக் கைப்பிடி. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் அப்பா சின்ன வயதில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவராம். கேட்காமலே சொன்னார். வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் தோல் உறை மாட்டியிருந்தார். ஊசியைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை இடது கையால் எடுத்துக் கொடுத்தார்.

"காலேஜ் பொண்ணு ஒண்ணு இங்க வந்து உக்காந்திருக்குமா?" என்றார் குறுக்கு.

"ஆய்வேடு பைண்ட் பண்ண நிறைய பேர் வருவாங்க. காத்திருப்பாங்க. எல்லாரும் போனைப் பாப்பாங்க. ஒண்ணு மட்டும் என் வாயப் பாத்துக்கிட்டு இருக்கும். சரியான வாயாடி. ஏன், அதுக்கு என்ன?"

"வாய் இருக்குறதுதான் பிரச்சன."

அவர் பிளாஸ்க்கைக் காட்டினார். அவர் கை வேலையாக இருந்ததால் குறுக்கு தானே எடுத்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினார். கடைக்காரர் ஊசியை வைத்துவிட்டு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

குறுக்கு பிளாஸ்க்கை மூடாமல் அப்படியே நின்றார். பிறகு புத்தகத்தைத் திறந்து அடிக்குறிப்புச் சொன்ன பக்கத்தைத் தேடினார். அங்கே ஒரு படம் இருந்தது. படத்தைப் பார்த்தார். கடைக்காரரின் தோல் உறையைப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

"எனக்காக மூணு மணிக்கு ஒரு இடத்துக்கு வரணும்."

"அந்தப் பொண்ணு விஷயமா? நான் அட்டை போடுறவன்மா. புத்தகத்துக்கு உள்ள என் பேர் வேண்டாம்."

"பேர் வேண்டாம். உங்க கை வேணும்."

மூன்று மணி. அதே அறை. இப்போது மாணவியும் அம்மாவும் சுவரோரம். வெள்ளைத்தாள் இன்னும் மேசை மேல்.

"சார், மூணே கேள்வி," என்றார் குறுக்கு.

"முப்பது கேளுங்க," என்றார் துறைத்தலைவர்.

"உங்க கட்டுரையில நேர்ல பாத்து எழுதினது, யாராவது சொல்லிக் கேட்டு எழுதினது ஏதாவது இருக்கா?"

"ஒரு வரி கூட இல்ல. அத்தனையும் நூல்கள்லயிருந்து. வம்புப் பேச்சை வச்செல்லாம் நான் ஆராய்ச்சி பண்றதில்ல."

"விரல் தட்டுற பழக்கம்?"

"அதுவும்தான். கீழ பக்க எண்ணே இருக்கே."

"பின் தெருவுல இருக்குற பைண்டிங் கடைக்குப் போயிருக்கீங்களா?"

"எனக்கு என்ன வேலை அங்க? பியூன் போவான்."

"நன்றி சார்." குறுக்கு பையிலிருந்து முதுகில்லாத புத்தகத்தை எடுத்து முதல்வர் முன் விரித்தார். "அந்தப் பக்கம்தான். படத்துல எந்த ரெண்டு விரல் மடங்கியிருக்கு?"

முதல்வர் கண்ணாடியைப் போட்டார். தன் கையை மேசை மேல் வைத்து ஒப்பிட்டார். "ஆள்காட்டி விரல். நடுவிரல்."

"கீழ எழுதியிருக்குறதும் அதேதான். சீனர்கள் அப்படித்தான் தட்டுவாங்க. ஆனா சார் கட்டுரையில மோதிர விரலும் சுண்டு விரலும். இந்தப் புத்தகத்தைப் பாத்து எழுதினவருக்கு அது எப்படி வந்துச்சு?"

"அச்சுப் பிழை," என்றார் துறைத்தலைவர்.

"அச்சுப் பிழை எழுத்த மாத்தும் சார். விரல மாத்துமா?"

குறுக்கு கதவைத் திறந்தார். பைண்டிங் கடைக்காரர் உள்ளே வந்தார். மாணவி சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, நான் உங்க பேரச் சொல்லல!"

"தெரியும். நீ சொன்னா இவங்க ஏன் டீய ஆற விட்டுட்டு அலையப் போறாங்க?"

முதல்வரின் பிளாஸ்க்கிலிருந்து குறுக்கு அவருக்கு ஒரு கோப்பை ஊற்றினார். அவர் தட்டினார். மோதிர விரல், சுண்டு விரல். இரண்டு தட்டு.

"உறையைக் கழட்டுவீங்களா?"

கழற்றினார். இரண்டு விரல்களும் தழும்போடு நீட்டி விறைத்து நின்றன.

"வெட்டுற மெஷின் விழுந்துச்சு," என்றார். "தச்சு ஒட்ட வச்சுட்டாங்க. மடங்காது. பசை பட்டா எரியும், அதான் உறை. டீ ஊத்தினவங்களுக்கு மரியாதை செய்யணும். இந்த ரெண்டும் மண்டி போடாது. அதனால பக்கத்து ரெண்டையும் அனுப்புறேன்."

முதல்வர் தன் விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"அது வேலைக்கு மாட்டுற உறைன்னு இந்தப் பொண்ணு நினைச்சுது," என்றார் குறுக்கு. "விரல் மடங்காதுன்னு தெரியாது. இவர் தட்டினதப் பாத்து, எல்லாரும் இப்படித்தான் தட்டுவாங்கன்னு எழுதிடுச்சு. அது தப்பு. இவர் எதிர்ல உக்காந்து டீ குடிச்சவங்க மட்டும் பண்ணக்கூடிய தப்பு. சார் அந்தக் கடைக்குப் போனதில்ல. யார்கிட்டயும் கேட்டதில்ல. அவரே சொன்னார். புத்தகத்துலயும் அது இல்ல. அப்போ இந்தத் தப்பு அவர்கிட்ட வர ஒரே வழிதான் இருக்கு. தொலஞ்சு போனதா சொன்ன வரைவு. திருடினது நீங்க சார். திருடினதுக்கு மேல, பிரிச்சுக்கூடப் பாக்காம ஒரு பெரிய புத்தகத்தோட பேரை ஒட்டினீங்க. பக்க எண் போட்டா எவன் போய்ப் பாக்கப் போறான்னு நினைச்சீங்க. இன்னிக்குக் காலைல வரைக்கும் அது சரியாத்தான் இருந்துச்சு."

துறைத்தலைவர் கைக்குட்டையைத் தேடினார். "மாணவர்களோட வேலை... துறைக்கும் அதுல ஒரு பங்கு..."

"பங்கு கேட்டவர் அவ பேரையும் போட்டிருக்கணும்," என்றார் முதல்வர். குரல் மாறியிருந்தது. வெள்ளைத்தாளை எடுத்துத் துறைத்தலைவர் பக்கம் தள்ளினார். "இது உங்களுக்கு உதவும். ஆய்விதழுக்கு முதல்ல எழுதுங்க."

மாணவியின் முகத்தில் சிரிப்பு வந்தது. குறுக்கு அவள் பக்கம் திரும்பினார்.

"சிரிக்காத. உனக்கும் இருக்கு. ஒரு மனுஷனோட கைய ஒரு தேசத்தோட கையா எழுதிட்ட. 'ஒருத்தர் இப்படித் தட்டினார், நேர்ல பாத்தேன்'னு ஒரு வரி போட்டிருந்தா, அது உண்மை. உன் கட்டுரையில எவனும் கை வச்சிருக்கவும் முடியாது."

"பேர் போட மாட்டேன்னு வாக்கு..."

"பேரில்லாமலும் ஆதாரம் குடுக்கலாம்."

கடைக்காரர் உறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பைண்டிங் கடைக்காரர் நேரில் சொன்னதுன்னு போடு. அதுல பொய் இல்லையே."

"திருத்தி மறுபடி குடும்மா," என்றார் முதல்வர். "ஆதாரம் இல்லாததுக்கு மதிப்பெண் குறையும்."

"குறைச்சுக்கோங்க சார். அது நான் பண்ணின தப்பு."

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்போ கால்ல விழ வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"விழுந்திருந்தா முதுகத் தோலுரிச்சிருப்பேன்," என்றாள் அம்மா. காலையில் சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பிளாஸ்க்கில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. கடைக்காரர் இடது கையால் ஒரு கோப்பையில் ஊற்றி மாணவி முன் வைத்தார். அவள் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி, கல்லூரி முதல்வரின் மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"புத்தகத்துல அப்படி இல்ல," என்றார் குறுக்கு.

"தெரியும் மேடம்." அவள் கோப்பையை எடுத்தாள். "நான் இவர்கிட்ட கத்துக்கிட்டேன்."